தேடலைத் தளர்த்தும் பயிற்சி: தாவோயியமும் தாய் சியும்

வாழ்வின் பொருள் யாது என்னும் வினா எல்லாச் சமய மரபுகளிலும் ஒரே வடிவில் எழுவதில்லை. உலகைப் படைத்த இறைவன் ஒருவன் உண்டென்று கொள்ளும் மரபுகளில், படைத்தவன் மனிதனிடம் எதை எதிர்பார்க்கிறான் என்பதாக அது அமைகிறது. பிறவியைத் தளையென்று கொள்ளும் இந்திய மரபுகளில், அத்தளையிலிருந்து உயிர் விடுபடும் வழி யாது என்பதாக அமைகிறது. இரண்டிலும் ஓர் இலக்கு முன்கூட்டியே நிறுத்தப்பட்டிருக்கிறது; அதை நோக்கிய பயணமாகவே வாழ்வு பொருள் பெறுகிறது. சீனத்தின் தொன்மையான தாவோயிய நூல்கள் இத்தகைய இலக்கு எதையும் தொடக்கத்தில் நிறுத்தவில்லை. உலகம் எவருடைய திட்டத்தாலும் ஆக்கப்பட்டதன்று, தானாகத் தோன்றித் தானாக மாறிக்கொண்டிருப்பது என்று அவை கருதியதால், அவ்வுலகின் ஒரு கூறாகிய மனித வாழ்வுக்கு மட்டும் வெளியிலிருந்து ஒரு நோக்கம் அளிக்கப்பட்டிருக்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பே அவற்றுக்கு அயலானது. ஆகவே வாழ்வின் பொருளைத் தேடித் தாவோயியத்திடம் வருபவர், விடை பெறுவதற்கு முன் தம் வினாவையே மாற்றிக்கொள்ள நேர்கிறது. அந்த மாற்றம் நூலறிவால் மட்டும் நிகழ்வது அரிது. தாய் சி என்னும் உடற்பயிற்சி மெய்யியல் ஆய்வுக்கு உரியதாவது இந்த இடத்தில்தான்.

தாவோயியத்தின் மூலநூலாகப் போற்றப்படும் ‘தாவோ தே ஜிங்’ 81 சிறு இயல்களும் ஏறத்தாழ 5,000 சீன எழுத்துகளும் கொண்டது. லாவோட்சு என்னும் அறிஞர் ஜோவ் அரசின் ஆவணக் காப்பாளராக இருந்தார் என்றும், அவ்வரசு நலிவதைக் கண்டு மேற்குக் கணவாய் வழியே வெளியேறியபோது அக்கணவாயின் காவல் அதிகாரி வேண்டியதற்கிணங்க இந்நூலை எழுதித் தந்துவிட்டு மறைந்தார் என்றும் கி.மு. 100 அளவில் எழுதிய வரலாற்றாசிரியர் சிமா சியான் குறிப்பிடுகிறார். ஆயினும் லாவோட்சு யார் என்பதில் அவருக்கே ஐயம் இருந்தது அவருடைய எழுத்திலிருந்து தெரிகிறது. 1973-இல் சாங்ஷா நகருக்கு அருகில் மாவாங்துய் என்னுமிடத்தில் கி.மு. 168-இல் மூடப்பட்ட கல்லறையிலிருந்து பட்டுத்துணியில் எழுதிய இரு படிகள் கிடைத்தன. அவற்றில் நூலின் இரண்டாம் பகுதி முதலாவதாக வைக்கப்பட்டிருந்தது. 1993-இல் ஹூபெய் மாகாணத்தின் குவோதியானில் கி.மு. 300 அளவிலான கல்லறையொன்றில் கிடைத்த மூங்கிற் சுவடிகளில், நூலின் ஏறத்தாழ ஐந்தில் இரு பகுதி மட்டுமே, வேறொரு வரிசையில் காணப்பட்டது. பிற்காலப் பாடத்தில் கன்ஃபூசிய அறங்களைச் சாடும் ஓரிடத்தில் அச்சுவடிகள் அத்தகைய கடுமையைக் காட்டவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. ஒரே ஆசிரியர் ஒரே காலத்தில் இயற்றிய மறைநூலாக இதைக் கொள்வதைக் காட்டிலும், பல தலைமுறைகளின் வாய்மொழி அறிவு படிப்படியாகத் திரண்ட தொகுப்பாகக் கொள்வதே சான்றுகளுக்குப் பொருந்துகிறது.

இந்நூலின் மையக் கருத்தான தாவோ, எல்லாப் பொருள்களும் தோன்றி வளர்ந்து திரும்பும் ஒழுங்கைக் குறிக்கும். அது ஆணையிடுவதில்லை, விரும்புவதில்லை, தண்டிப்பதில்லை. ஆகவே அதை இறைவன் என்பது பொருந்தாது, வெறும் இயற்கை விதி என்பதும் போதாது. ஒவ்வொரு பொருளிலும் அந்த ஒழுங்கு தனக்கேயுரிய ஆற்றலாக வெளிப்படுவதைத் தே என்பர். பொருள்கள் பிறர் தூண்டுதலின்றித் தம் இயல்பிலேயே அவ்வாறாக இருப்பதை ஜிரான் என்றும், அந்த இயல்போடு மோதாமல், வலிந்து திணிக்காமல் செயல்படுவதை வூ வேய் என்றும் குறிப்பிடுவர். வூ வேய் என்பதைச் செயலின்மை என்று கொண்டு, கை கட்டி இருப்பதற்கான பரிந்துரையாக அதைக் காண்பவர் பலர். அந்நூலைக் கவனமாகப் படிப்பவர் அவ்வாறு கொள்ள இயலாது. ஏனெனில் அதன் பெரும்பகுதி ஆட்சியாளர்களை நோக்கியது. மிகையான வரியையும் போரையும் கடுந்தண்டனையையும் கண்டிப்பது. ஆட்சி செய்ய வேண்டாம் என்று எங்கும் கூறாமல், தன்முனைப்பின்றி ஆட்சி செய்யும் முறையைக் கூறுவது. செயல் நிகழ்கிறது, ஆனால் செயலைச் செய்பவன் என்னும் இறுக்கம் அதில் கலப்பதில்லை என்பதே கருத்து.

இக்கருத்தை அரசியலிலிருந்து தனிமனித வாழ்வுக்குக் கொண்டுவந்து, அதன் முழு ஆழத்தையும் திறந்து காட்டியவர் கி.மு. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஜுவாங்ட்சு. அவர் பெயரால் வழங்கும் நூல், கி.பி. 312-இல் இறந்த குவோ சியாங் என்னும் உரையாசிரியர் வகுத்தபடி 33 இயல்களாக இன்று கிடைக்கிறது; அவற்றுள் முதல் ஏழும் அவருடைய சொந்தக் கருத்துகளுக்கு மிக நெருக்கமானவை என்பது அறிஞர் பலரின் கொள்கை. வாழ்வின் பொருள் பற்றிய வினாவுக்கு இந்நூலைப் போல் நேராக முகங்கொடுக்கும் தாவோயிய நூல் வேறில்லை என்றே சொல்ல வேண்டும். அதில் வரும் கதையொன்றில், ஊர்க்கோயிலின் புனித மரமாக நிற்கும் ஒரு பேருருவான மரத்தைத் தச்சர் ஒருவர் ஏறெடுத்தும் பாராமல் கடந்து செல்கிறார். படகுக்கும் பெட்டிக்கும் தூணுக்கும் பயன்படாத மரம் அது என்று தம் மாணவருக்கு விளக்குகிறார். அன்றிரவு அம்மரம் அவர் கனவில் தோன்றி, பயன்படும் மரங்களெல்லாம் அந்தப் பயனாலேயே வெட்டுண்டதையும், எதற்கும் பயன்படாமல் இருப்பதற்குத் தான் நெடுங்காலம் முயன்று இப்போதுதான் வென்றிருப்பதையும் கூறி, பொருளைப் பொருள் அளக்கும் தகுதி அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கிறது.

இக்கதையைத் தற்காப்புத் தந்திரமாக மட்டும் படிப்பது அதைக் குறுக்குவதாகும். ஒரு வாழ்வின் பொருளைக் கேட்பவர் பெரும்பாலும் அவ்வாழ்வின் பயனையே கேட்கிறார்: யாருக்காக, எதற்காக, எந்த விளைவுக்காக என்பவையே அவருடைய அளவுகோல்கள். ஒரு கருவியைப் பற்றிக் கேட்கத் தக்க வினாவை உயிரைப் பற்றிக் கேட்பதில் உள்ள பிழையையே ஜுவாங்ட்சு சுட்டுகிறார். கருவிக்கு அதன் பயன் வெளியே இருக்கிறது; மரத்துக்கு அவ்வாறு வெளியே எதுவும் இல்லை, வளர்வதே அதன் முழுமை. வேலை இழந்தவரும், முதுமையால் ஒதுக்கப்பட்டவரும், நோயுற்றுப் படுத்திருப்பவரும் தம் வாழ்வு பொருளற்றுப் போனதாக உணர்வது இன்றும் அன்றாட உண்மை. அவர்கள் உணர்வது தம் பயனின் இழப்பை, ஆனால் அதை வாழ்வின் இழப்பாகவே கருதிவிடுகிறார்கள். இந்த இரண்டையும் வேறு பிரித்துக் காட்டியதே தாவோயியம் மனித சிந்தனைக்கு அளித்த கொடைகளுள் மிகப் பெரியது.

ஆனால் அதே நூல் திறமையையும் பெரிதும் போற்றுகிறது என்பதை மறந்துவிடலாகாது. டிங் என்னும் சமையற்காரர் வென்ஹுய் பிரபுவின் முன் எருதை அறுத்துப் பிரிக்கும் கதை புகழ்பெற்றது. தொடக்கத்தில் எருது முழுவதும் ஒரே பிண்டமாகத் தோன்றியதையும், பின்னர் மூட்டுகளுக்கிடையே இயல்பாக உள்ள இடைவெளிகள் புலப்பட்டதையும், அந்த வெளிகளில் மட்டுமே கத்தி செல்வதால் 19 ஆண்டுகளாகியும் அது தீட்டப்பட்டது போலவே இருப்பதையும் அவர் விளக்குகிறார். கேட்டுக்கொண்டிருந்த பிரபு, உயிரைப் பேணும் நெறியைக் கற்றுக்கொண்டதாகக் கூறுகிறார். அருவிச் சுழலில் நீந்துபவர், சில்வண்டு பிடிக்கும் கூனர், சக்கரம் செய்யும் முதியவர் என இத்தகைய உழைப்பாளர் பலர் இந்நூலில் வருகிறார்கள். எவரும் தாம் செய்வதைச் சொல்லால் முழுதும் விளக்க இயலாதவர்கள். தாவோவை அறிதல் என்பது ஒரு கோட்பாட்டை ஏற்பதன்று, உடல் வழியே நெடுநாள் பழகிப் பெறும் ஒரு நுண்மை என்பது இவற்றால் பெறப்படுகிறது. இங்கே மெய்யியல் தானாகவே பயிற்சியை நோக்கித் திரும்புகிறது.

உடலைப் பழக்குதல் தாவோயியத்துக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்ததன்று. கி.மு. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படுவதும் ‘குவான்ட்சு’ என்னும் தொகுப்பில் இடம்பெற்றிருப்பதுமான ‘நெய்யே’ என்னும் சிறுநூல், நேராக அமர்ந்து மூச்சைச் சீராக்கி மனத்தைத் தெளியவைப்பதைப் பேசுகிறது. உடலெங்கும் இயங்கும் உயிர்விசையாகிய ச்சியை அமைதியான நெஞ்சமே தக்கவைக்கும் என்பது அதன் கொள்கை. மாவாங்துய் கல்லறையில் நூல்களோடு கிடைத்த ஓவியப் படமொன்றில், ஆணும் பெண்ணுமாக 44 உருவங்கள் பல்வேறு உடற்பயிற்சி நிலைகளில் தீட்டப்பட்டிருக்கின்றன; சிலவற்றுக்கு விலங்குகளின் பெயரும் சிலவற்றுக்கு நோய்களின் பெயரும் எழுதப்பட்டுள்ளன. தாவோயின் எனப்படும் இம்மரபு, உடலை நீட்டியும் மூச்சை வழிப்படுத்தியும் ச்சி தடையின்றி ஓடச் செய்வது. கி.பி. 142-இல் சாங் தாவோலிங் பெற்றதாகக் கூறப்படும் அருள்வெளிப்பாட்டோடு தொடங்கும் தாவோயியச் சமய அமைப்புகளும், 12-ஆம் நூற்றாண்டில் வாங் சோங்யாங் நிறுவிய துறவு மரபாகிய சுவான்சென்னும், உடலுக்குள்ளேயே நிகழும் மாற்றமாக உள்ரசவாதம் என்னும் தியான முறையைச் செப்பமிட்டன. அவற்றில் சாவாமை என்னும் இலக்கு வலுவாகவே இருந்தது. தாவோயியத்தை இலக்கற்ற நெறியென்று பொதுவாகக் கூறிவிட இயலாமைக்கு இதுவே காரணம்.

இங்கே கவனிக்க வேண்டிய முரண் ஒன்றுண்டு. ஜுவாங்ட்சு நூலின் 15-ஆம் இயல், மூச்சை உள்ளிழுத்து வெளிவிட்டும் கரடியைப் போலத் தொங்கியும் பறவையைப் போல நீட்டியும் நீண்ட ஆயுளை நாடுபவர்களைக் குறிப்பிட்டு, அவர்களை உயர்ந்தோராகக் கருத மறுக்கிறது. அவ்வாறு பயிற்சி செய்யாமலே நீடு வாழ்பவரை அது மேலானவராகக் காண்கிறது. பயிற்சியின் மீது அதற்கு வெறுப்பில்லை; பயிற்சி ஒன்றை அடைவதற்கான கருவியாகும்போது, பயிற்சி செய்பவரும் தம் உடலைக் கருவியாக்கி, அந்த மரத்தைப் பார்த்த தச்சரின் கண்ணோடு தம்மையே பார்க்கத் தொடங்குகிறார் என்பதே அதன் எச்சரிக்கையாகத் தோன்றுகிறது. நீண்ட ஆயுளை நாடுவோருக்குப் பொருந்தும் இவ்வெச்சரிக்கை, வாழ்வின் பொருளை நாடுவோருக்கும் அதே அளவு பொருந்தும்.

தாய் சி இம்மரபோடு எவ்வாறு இணைந்தது என்பது பலரும் நம்புவதைக் காட்டிலும் சிக்கலானது. வூதாங் மலையில் வாழ்ந்த சாங் சான்ஃபெங் என்னும் தாவோயியத் துறவி, பாம்பும் பறவையும் பொருதுவதைக் கண்டு இக்கலையை உருவாக்கினார் என்பது உலகெங்கும் சொல்லப்படும் கதை. 1669-இல் ஹுவாங் சோங்சி என்னும் அறிஞர் வாங் செங்னான் என்னும் மற்போர் வீரருக்கு எழுதிய கல்லறை வாசகத்தில், ஷாவோலின் பள்ளியின் புறக்கலைக்கு எதிராக ஓர் அகக்கலையைக் குறிப்பிட்டு, அதன் தோற்றத்தைச் சாங் சான்ஃபெங்குக்கு ஏற்றிக் கூறினார். ஹுவாங், மஞ்சு ஆட்சியை ஏற்க மறுத்தவர் என்பதால், அந்நியரின் புறவலிமைக்கு எதிராகச் சீனத்தின் உள்வலிமையைக் குறிப்பால் உணர்த்தியதாக வரலாற்றாசிரியர் சிலர் இதைக் காண்கின்றனர். எவ்வாறாயினும் அவர் குறிப்பிட்ட அகக்கலை இன்றைய தாய் சி என்பதற்குச் சான்றில்லை. தாய் சியோடு அத்துறவியின் பெயர் இணைந்தது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான்.

வரலாறு உறுதியாகக் காட்டும் இடம் ஹெனான் மாகாணத்தின் வென் வட்டத்திலுள்ள சென்ஜியாகோவ் என்னும் சிற்றூர். மிங் அரசின் இறுதிக் காலத்தில் படைப்பணியாற்றிய சென் வாங்திங் 17-ஆம் நூற்றாண்டில் அங்கே தம் குடும்பத்துக்கான போர்க்கலையை வகுத்தார் என்பது அக்குடும்ப மரபு. தளபதி சி ஜிகுவாங் 16-ஆம் நூற்றாண்டில் தம் படைநூலில் தொகுத்த 32 கைப்போர் நிலைகளின் பெயர்கள் பல சென் குடும்பப் பயிற்சியில் காணப்படுகின்றன. ஆகவே இக்கலையின் வேர் படைமுகாமிலும், கொள்ளையரிடமிருந்து தன்னைக் காத்துக்கொண்ட உழவர் ஊரிலும் இருக்கிறது. சென் வாங்திங் பெயரில் வழங்கும் பாட்டு ஒன்று, முதுமையில் ‘ஹுவாங்திங்’ என்னும் தாவோயியத் தியான நூல் தமக்குத் துணையாக இருந்ததைக் கூறுவதால், தாவோயியத் தொடர்பு அறவே இல்லையென்றும் சொல்வதற்கில்லை. 1799-இல் பிறந்த, ஹெபெய் மாகாணத்தின் யோங்னியானைச் சேர்ந்த யாங் லூசான், சென் குடும்பத்தைச் சேர்ந்த சென் சாங்சிங்கிடம் இக்கலையைக் கற்று, பின்னர் பெய்ஜிங்கில் மஞ்சு பிரபுக்களுக்குக் கற்பித்தார். அவருடைய ஊரைச் சேர்ந்த வூ யூசியாங்கின் குடும்பத்தில்தான் வாங் சோங்யுவே பெயரிலான தாய் சி நூல் வெளிப்பட்டது. இன், யாங் என்னும் இருமுனைகள் பிறக்கும் மூலநிலையைத் தாய் சி என்று கூறி, போரின் ஒவ்வொரு அசைவையும் அந்த இணையின் ஆட்டமாக விளக்குவது அந்நூலின் சிறப்பு. தாய் சி என்னும் கருத்து ‘ஈ சிங்’ நூலின் பழைய உரையொன்றிலேயே உள்ளது. 11-ஆம் நூற்றாண்டில் அதை விரித்தெழுதிய ஜோவ் துன்யீ கன்ஃபூசிய அறிஞராவார்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுன் லூதாங் தாய் சியையும் தாவோயிய உள்ரசவாதத்தையும் தம் நூல்களில் வெளிப்படையாக இணைத்தார். யாங் லூசானின் பேரன் யாங் செங்ஃபு அதை மெதுவான, சீரான, பரந்த அசைவுகளாக்கி எல்லோரும் பயிலத் தக்கதாக்கினார். சென் குடும்பத்தின் பழைய வடிவத்திலோ காலால் தரையை அறைவதும் திடீரென்று வெடித்தெழும் ஆற்றலும் இன்றும் உண்டு. 1930-களின் தொடக்கத்தில் சென்ஜியாகோவுக்கு நேரில் சென்று ஆராய்ந்த தாங் ஹாவ் என்னும் அறிஞர் சாங் சான்ஃபெங் கதையை ஆதாரமற்றதென்று காட்டியபோது, அக்கதையை நம்பிய ஆசிரியர்கள் பலர் அவரைச் சினந்தனர். ஆயினும் அவருடைய ஆய்வு தாய் சியின் தாவோயியப் பொருளைக் குலைக்கவில்லை என்பதே நடுநிலையான முடிவு. ஒரு கலை எங்கே பிறந்தது என்பதும், அது எதை உணர்த்த வல்லது என்பதும் வேறு வேறு வினாக்கள். படைக்கலையாகப் பிறந்த ஒன்று, வன்மையை வன்மையால் எதிர்கொள்வதன் தோல்வியைத் தலைமுறைகளாக உடலாலே சோதித்து அறிந்த பின்னர், தன் அனுபவத்துக்குப் பொருந்தும் மொழியைத் தாவோயியத்தில் கண்டுகொண்டது என்பதே உண்மைக்கு அருகிலான விளக்கம். துறவி ஒருவர் மலையுச்சியில் கண்ட காட்சியைக் காட்டிலும் இது மதிக்கத் தக்க பிறப்பு.

பயிற்சியின் உள்ளே நிகழ்வதை இனி நோக்கலாம். பயில்பவர் முழங்காலைச் சற்று மடித்து, தலையுச்சி மேலிருந்து இழுக்கப்படுவது போல நிமிர்ந்து, தோளையும் முழங்கையையும் தாழவிட்டு நிற்கிறார். பின்னர் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு முழுதாக மாற்றி, இடுப்பின் திருப்பத்தால் கைகளை இயக்குகிறார். இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக ஆசிரியர்கள் கோருவது சுங் என்னும் தளர்ச்சி. இது துவண்டு போதலன்று. தேவையற்ற தசை இறுக்கம் அனைத்தும் விலகி, எலும்புகளின் அமைப்பே உடலைத் தாங்கும் நிலை. தொடக்கத்தில் பயில்பவர் தளர முயல்கிறார், முயல முயல இறுகுகிறார். உறங்க முயல்பவருக்கு உறக்கம் விலகிப் போவதைப் போன்றது இது. வூ வேய் பற்றிய மெய்யியலாளர்களின் நெடுநாள் சிக்கல், அதாவது முயற்சியின்மையை முயன்று பெறுவது எப்படி என்பது, இங்கே கருத்தாக இல்லாமல் தோளின் வலியாகவும் தொடையின் நடுக்கமாகவும் வந்து நிற்கிறது. மாதங்கள் கழிந்து, கவனம் அடிவயிற்றில் தாந்தியன் எனப்படும் மையத்திலும் பாதத்திலும் தங்கும்போது, இறுக்கம் ஒருநாள் தானே நெகிழ்ந்திருப்பது தெரியவருகிறது. அதைச் செய்தவர் யார் என்று கேட்டால் பயில்பவரால் தம்மையே சுட்ட இயலுவதில்லை.

தனியாகச் செய்யும் வரிசையசைவுகள் இந்த அளவோடு நிற்கின்றன. தாய் சியின் மெய்யியல் ஆழம் அதைத் தாண்டி, தூய்ஷோவ் எனப்படும் கைதள்ளற் பயிற்சியில் இருக்கிறது. பூங்காக்களில் பயில்வோர் பலரும் இதைக் கற்பதேயில்லை என்பது பெரிய இழப்பு. இருவர் எதிரெதிராக நின்று, முன்கைகள் தொட்டபடி வட்டமாக அசைந்து, ஒருவர் மற்றவரின் நிலைப்பைத் தேடுகிறார்கள். தள்ளப்படுபவர் எதிர்த்து முட்டினால், அவருடைய இறுக்கமே தள்ளுபவருக்குப் பிடியாகிறது. அஞ்சிப் பின்வாங்கினால் தொடுகை அறுந்து தம் நிலையைத் தாமே இழக்கிறார். முட்டுதலும் விலகுதலும் இரு பெருங்குற்றங்களாகக் கற்பிக்கப்படுகின்றன. எஞ்சியிருப்பது ஒரே வழி: தொடுகையை விடாமல், வரும் விசையைத் தோலால் கேட்டு, அது செல்ல விரும்பும் திசையிலேயே இடுப்பைத் திருப்பி அதற்கு வெளி அளிப்பது. இதைக் கேட்கும் ஆற்றல் என்று அம்மரபினர் வழங்குகின்றனர். பிற்காலத்தில் நியூயார்க்கில் கற்பித்த செங் மான்சிங், தோல்வியில் முதலீடு செய்யுமாறு தம் மாணவர்களுக்கு அறிவுறுத்தினார். வெல்ல வேண்டும் என்னும் விருப்பத்தோடு நுழைபவர் தசைவலிமையை நாடுவார், அதனால் கேட்கும் ஆற்றல் அவருக்கு வளராது என்பது அதன் கருத்து.

தன்முனைப்பு என்பது மனத்தில் மட்டும் இருக்கும் குறையென்று எண்ணுபவருக்கு இப்பயிற்சி மறுக்க முடியாத சான்று தருகிறது. தாம் பணிவானவர் என்று நம்பும் ஒருவர், மெல்லத் தள்ளப்பட்ட கணத்தில் தம் தோள் தானாகவே எதிர்த்து எழுவதைக் காண்கிறார். தாம் துணிவுள்ளவர் என்று நம்புபவர், தம் மூச்சு நின்றுபோவதைக் காண்கிறார். நூலைப் படிக்கும்போது இத்தகைய தன்னேமாற்றத்துக்கு எவ்வளவோ இடமுண்டு. எதிரில் நிற்பவரின் கை அதற்கு இடமளிப்பதில்லை. பல ஆண்டுகள் பழகியவரிடம் பயனும் இலக்கும் மெல்லப் பின்னுக்குச் சென்று, எதிரில் இருப்பவரை உள்ளபடியே உணர்வதே நிறைவாகிவிடுகிறது. வாழ்வின் பொருள் என்ன என்னும் வினாவுக்கு விடை கிடைத்ததாக அவர் சொல்வதில்லை. ஆனால் அவ்வினாவை எழுப்பிக்கொண்டிருந்த பதற்றம் அவரிடம் குறைந்திருப்பதைப் பிறர் காண முடிகிறது. தாவோயியம் தரக்கூடியது இதுவே, இது சிறிதன்று.

எனினும் இந்நெறிக்கு எதிரான வாதத்தைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டிலேயே சுன்ட்சு என்னும் கன்ஃபூசிய மெய்யியலாளர், ஜுவாங்ட்சு வானத்தை மட்டும் கண்டு மனிதனைக் காணத் தவறினார் என்று குற்றம் சாட்டினார். பசித்தவருக்கும் ஒடுக்கப்பட்டவருக்கும் இயல்போடு இயைந்திரு என்று சொல்வது, அநீதியோடும் இயைந்திரு என்பதாகத் திரிய வாய்ப்புண்டு. அமைதியை விரும்பும் வசதியானவர்களின் ஓய்வுநேரத் துணையாகத் தாய் சி பல நகரங்களில் மாறியிருப்பதையும் காணலாம். சுன்ட்சுவின் குற்றச்சாட்டில் பாதி உண்மை இருக்கிறது: மனித உரிமைகளையும் நிறுவனங்களையும் எவ்வாறு அமைப்பது என்பதற்கு ஜுவாங்ட்சுவிடம் விடையில்லை. மறுபாதி கைதள்ளலிலேயே மறுக்கப்படுகிறது. விட்டுக்கொடுத்தல் அங்கே பணிந்துபோதலாக இருப்பதில்லை, வரும் வன்மையின் நிலைப்பைக் குலைப்பதற்கான முதற்படியாக இருக்கிறது. கொள்ளையரை எதிர்த்த ஊரில் வளர்ந்த கலைக்கு அடிபணிதலைக் கற்பிக்கும் எண்ணம் இருந்திருக்க முடியாது.

இறப்பைப் பற்றித் தாவோயியம் கொள்ளும் நிலையும் இவ்வாறே எளிதில் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது. மனைவி இறந்தபின் ஜுவாங்ட்சு கலத்தைத் தட்டிப் பாடிக்கொண்டிருந்ததைக் கண்ட நண்பர் ஹுய்ட்சு அவரைக் கடிந்துகொண்ட கதை பலருக்கும் தெரியும். தொடக்கத்தில் தாமும் துயருற்றதாக அவர் விடையளித்தது பலருக்கு நினைவிருப்பதில்லை. துயரம் மறுக்கப்படவில்லை; உருவற்ற நிலையிலிருந்து ச்சியாகவும், ச்சியிலிருந்து உடலாகவும், உடலிலிருந்து உயிராகவும் வந்த மாற்றம் பருவங்களைப் போல மீண்டும் நிகழ்ந்திருப்பதைக் கண்டபோதே அது தணிந்தது. தாய் சியில் ஒவ்வொரு அடியும் நிறைந்த கால் வெறுமையாவதும் வெறுங்கால் நிறைவதுமாக அமைகிறது. நாள்தோறும் இதைச் செய்யும் முதியவர்களின் உடலில் இந்த எண்ணம் ஊறியிருப்பது வியப்பன்று.

மக்கள் சீனம் 1956-இல் 24 அசைவுகள் கொண்ட எளிய வரிசையை வகுத்துப் பொதுமக்களிடையே பரப்பியது. பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் தாவோயியக் கோயில்கள் மூடப்பட்டபோதும், உடற்பயிற்சி என்னும் பெயரில் அசைவுகள் எஞ்சின. 2020-இல் யுனெஸ்கோ தாய் சியை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. முதியோர் தவறி விழுவதை இப்பயிற்சி குறைக்கிறது என்பதும், பார்க்கின்சன் நோயாளர்களின் உடல்நிலைப்பை மேம்படுத்துகிறது என்பதும் மருத்துவ ஆய்வுகளில் தெளிவாகியுள்ளன. இவை வரவேற்கத் தக்க பயன்கள். ஆனால் பயன்களே தாய் சிக்கான காரணமாகிவிடும்போது அது ஜுவாங்ட்சு நூலின் 15-ஆம் இயல் எச்சரித்த இடத்துக்கே திரும்பிவிடுகிறது.

ஆகவே வாழ்வின் பொருளைத் தேடி இந்நெறிக்கு வர விரும்பும் தமிழ் வாசகர் இரண்டைச் செய்வது நலம். சி. மணியின் மொழிபெயர்ப்பில் தமிழில் கிடைக்கும் ‘தாவோ தே ஜிங்’ நூலோடு நின்றுவிடாமல் ஜுவாங்ட்சுவையும் கிடைக்கும் மொழியில் படிக்க வேண்டும். முதலாவது நூல் சுருக்கமானது, எவரும் தம் விருப்பத்தை அதற்குள் ஏற்றிவிட முடியும், இரண்டாவது அதை எளிதில் அனுமதிப்பதில்லை. ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது, அவர் எந்த மலையின் எந்தப் பரம்பரையைச் சேர்ந்தவர் என்று கேட்பதை விட, கைதள்ளலைக் கற்பிக்கிறாரா என்று கேளுங்கள். கற்பிக்காதவரிடம் நல்ல உடற்பயிற்சி கிடைக்கும், இங்கே பேசப்பட்டது கிடைக்காது.